வாசல் பக்கத்து வரிசை

ஜூன் 14, வெள்ளி

பட்டு இளம்புழு வந்துவிட்டது. வேன்காரர் விடிந்ததும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். இரண்டாம் தோல் உரித்த புழுக்கள், எல்லாம் ஒரே அளவு. நல்ல முட்டை என்று பார்த்தாலே தெரிகிறது. புழு வளர்க்கும் மனைக்குள் சூடு 26, ஈரம் 78.

பட்டு வளர்ப்புப் பயிற்சிக்குப் போனபோது, சூட்டையும் ஈரத்தையும் தினமும் எழுதச் சொல்லி ஒரு டைரி கொடுத்தார்கள். அதை எழுதிய பிறகும் பக்கம் காலியாகக் கிடக்கும். வெறும் பக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அதனால் வீட்டு விஷயத்தையும் சேர்த்து எழுதப் பழகிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு என் கையெழுத்து புரியாது, அது ஒரு வசதி.

புழு மனையில் இரண்டு வரிசைத் தட்டுகள். வாசல் பக்கத்து வரிசை என்னுடையது, சுவர் பக்கத்து வரிசை இவருடையது. ஆளுக்கொரு வரிசைக்கு இலை போட்டால்தான் எங்களுக்குள் சண்டை வராது. நேற்று ஒரு கல்யாணத்துக்குச் சென்ட் அடித்துக்கொண்டு போனவர், வந்த வேகத்தில், புழுவுக்காகக் கழுவி வைத்த மனைக்குள் கால் வைக்கப் பார்த்தார். சென்ட், கொசுவர்த்தி, எறும்புப் பொடி எதுவும் புழுவுக்கு ஆகாது. இரண்டு தடவை குளிக்க வைத்துத்தான் உள்ளே விட்டேன். "பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இத்தன கெடுபுடி இல்லையே கோகிலா" என்றார்.

ஊர்ப் பெண்கள் குழுவில் யார் புதிதாகப் புழு வைத்தாலும் என்னிடம்தான் கேட்க வருவார்கள். கை சுத்தம், கால் சுத்தம், இது இரண்டைத்தான் நான் சொல்வேன். சொன்னால் கேட்க மாட்டார்கள். அது வேறு.

ஜூன் 17, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மகள் வர்ணிகா ஐந்தாம் வகுப்புக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகிறது. பக்கத்துப் பிள்ளை வரைந்த படத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நான் இல்லை என்று நின்றாளாம்.

"பாட்டில் மூடி அவ கையில இருக்கு. தண்ணி நான் ஊத்தலைங்கறா. தப்புப் பண்றது பெரிசில்லீங்க. ஒத்துக்கப் பழக்கணும். அது வீட்லதான் வரணும்" என்றார் லூர்து டீச்சர்.

இன்னும் இரண்டு தாய்மார்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. டீச்சர் சொன்னதில் தப்பில்லை. இவள் வாயில் உண்மை சீக்கிரம் வராது. போன மாதம் அரிசி டப்பா மூடியை உடைத்துவிட்டுப் பூனை தள்ளியது என்றாள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. பக்கத்து வீட்டிலும் கிடையாது.

ஜூன் 18, செவ்வாய்

வர்ணியை உட்கார வைத்துப் பேசினேன். "எது செஞ்சாலும் எங்கிட்ட ஒத்துக்க. ஒத்துக்கிட்டா அடிக்க மாட்டேன், திட்டவும் மாட்டேன்" என்றேன். தலையை ஆட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து, பூஜைக்கு வைத்த கல்கண்டைத் தின்றது தான்தான் என்றாள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பித்து நன்றாகத் திட்டிவிட்டேன்.

"திட்ட மாட்டேன்னு சொன்னீங்க" என்றாள். நான் இலை வெட்டப் போய்விட்டேன்.

ஜூன் 20, வியாழன்

புழு மூன்றாம் தோல் உரித்துவிட்டது. சுண்ணாம்புத் தூள் தூவினோம். காற்று பலமாக வீசுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, இனி ஆடி முடியும்வரை உடுமலைப் பக்கம் ஓலை கட்டிய கூரைக்கெல்லாம் ஆபத்துதான்.

ஜூன் 27, வியாழன்

கடைசித் தோலும் உரித்து முழுவீச்சில் தின்கிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை இலை. முதுகு நிமிரவில்லை. வர்ணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையைக் காலைக் கழுவிக்கொண்டு நேராக மனைக்குத்தான் வருகிறாள். அவளுக்குப் புழு என்றால் உயிர். உள்ளங்கையில் ஒன்றை வைத்துக்கொண்டு, அது ஊர்ந்தால் கூச்சத்தில் சிரிப்பாள். புழு விஷயத்தில் மட்டும் அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. தட்டில் செத்த புழு கிடந்தால் முதலில் வந்து சொல்வது அவள்தான்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்று நாளாக வர்ணி தலையைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள். வாரிப் பார்த்தால் சீப்பு முழுக்கப் பேன். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. இவர் மருந்துக் கடையில் வாங்கி வந்த பேன் மருந்தைச் சாயங்காலம் தேய்த்துவிட்டேன். மயிர்க்காலில் இறங்கும்படி கையாலேயே தேய்க்க வேண்டும். அடர்த்தியான முடி, அரை பாட்டில் ஆகிவிட்டது. என்ன நெடி. துண்டைச் சுற்றிவிட்டு, இன்றைக்கு மனைக்குள் வரக்கூடாது என்று சொல்லி வீட்டுப் படியில் உட்கார வைத்தேன்.

இலை போடும் நேரம் தாண்டிவிட்டது. புழு கூடு கட்டுவதற்கான நெட்டு வாங்க இவர் உடுமலைக்குப் போயிருந்தார். மனை வாசலில் கை கழுவும் பிளீச்சிங் தண்ணீரும் தீர்ந்துபோயிருந்தது. குழாயில் கையை அலசிக்கொண்டு போய் என் வரிசைக்கு இலை போட்டேன். வர்ணி படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருந்தது உள்ளே கேட்டது. ஏழாம் வாய்ப்பாட்டில் இன்னும் தடுமாறுகிறாள்.

இவர் வந்து தன் வரிசைக்குப் போட்டார். அதற்குள் நான் வர்ணிக்குத் தலையை அலசி ஈர்வலிச் சீப்பால் வாரிவிட்டேன். இன்னும் இரண்டு மூன்று நாளில் புழு பழுத்துக் கூடு கட்டத் தொடங்கிவிடும்.

ஜூலை 1, திங்கள்

காலையில் மனையைத் திறந்தேன். என் வரிசையில் புழுக்கள் தின்னவில்லை. தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சையாக வடிந்தது. இலை போட்டது போட்டபடி கிடந்தது. மத்தியானத்துக்குள் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை எல்லாம் சுருங்கிவிட்டன.

இவருடைய வரிசை நன்றாக இருக்கிறது.

இவர் வரப்பில் ஓடினார். பக்கத்துத் தோட்டம் இவருடைய அண்ணன் மயில்சாமியுடையது. அவர் சனிக்கிழமை தக்காளிக்கு மருந்து அடித்ததை இவர் பார்த்திருக்கிறார். காற்று எங்கள் பக்கம்தான் வீசுகிறது. "மருந்து அடிக்கறதுன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சுட்டியே" என்று இவர் கத்தியது வீடுவரை கேட்டது. பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்த அண்ணன்.

நான் என் வரிசை ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். சோறு ஆக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

வர்ணியின் பெரியப்பா மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்துவிட்டு, "நான் அடிச்சது வேப்பங்கொட்டக் கரைசல். வேற மருந்து எந்தோட்டத்துக்குள்ள வரலை" என்றார். எங்கள் பக்கம் சூடம் அணைத்தபிறகு யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. இவரும் பேசவில்லை. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டார். வர்ணியும் கூட வந்திருந்தாள். பெரியப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 3, புதன்

பட்டுத் துறையிலிருந்து சார் வந்தார். செத்த புழுவைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"நோய் இல்லீங்க, மருந்து பட்டிருக்கு. ரெண்டு வரிசைக்கும் ஒரே தோட்டத்து இலைதானே? இலையில பட்டிருந்தா ரெண்டும் போயிருக்கணும். அப்ப இது தோட்டத்துல வந்தது இல்ல. ஆள் மூலமா உள்ள வந்திருக்கு" என்றார். "கொசு மருந்து, பேன் மருந்து, எதாச்சும் வீட்ல பயன்படுத்தினீங்களா?"

நான் கையை முந்தானையில் துடைத்தேன். கையில் ஈரம் எதுவும் இல்லை.

"புள்ள தலைக்குப் பேன் மருந்து போட்டிருந்தோம் சார்" என்றேன். "வராதேன்னு சொல்லித்தான் உக்கார வெச்சேன். உள்ள வந்திருப்பா."

"வாசல் பக்கத்து வரிசைதானே போயிருக்கு. சரியாத்தான் இருக்கு" என்றார் சார். இவர் என்னையும் பார்க்கவில்லை, சாரையும் பார்க்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். என் வரிசைத் தட்டுகளைக் கழற்றி வெயிலில் போட்டேன். இவருடைய வரிசைப் புழு பழுக்க ஆரம்பித்துவிட்டது. அதை நெட்டில் விடும் வேலை ஒருபக்கம்.

வர்ணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன்.

"நான் வரலைம்மா. படியிலதான இருந்தேன். வாய்ப்பாடு சொல்லிட்டிருந்தேன்ல?"

"எனக்குக் கேக்கலை" என்றேன்.

ஜூலை 4, வியாழன்

இவர் அவளிடம் தனியாகக் கேட்டார். இவர் கேட்டால் குழைந்து கேட்பார். "அப்பா ஒண்ணும் பண்ண மாட்டேன் அம்மிணி. தெரியாமத்தான நடந்துச்சு. நான் வந்தேன்னு சொல்லிட்டீன்னா, நான் போயிப் பெரியப்பா கால்ல விழுந்தாச்சும் சமாதானம் பண்ணிக்குவேன்."

"வரலைங்ப்பா" என்றாள்.

இவர் என்னிடம் வந்து, "நெசமாவே வந்தாளா, நீ பாத்தியா?" என்றார். தண்ணீர் பாட்டில் கதையை எடுத்துச் சொன்னேன். பூனைக் கதையையும் சொன்னேன். இவர் பெருமூச்சு விட்டார்.

இப்போதே திருத்தாவிட்டால் இந்தப் பழக்கம் நிலைத்துவிடும். டீச்சர் சொன்னதும் அதுதான்.

ஜூலை 5, வெள்ளி

காலையில் குளித்துவிட்டு வந்து வர்ணி எங்கள் இருவர் முன்னாலும் நின்றாள்.

"பெரியப்பா மாதிரி நானும் சூடம் அணைக்கறேன். கோயிலுக்குப் போலாம் வாங்க. அம்மாவும் வரட்டும்."

இவர் எழுந்துவிட்டார். "சரி, செய்யட்டுமே. அதோட முடியட்டும்" என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். சின்னப் பிள்ளைக்குச் சத்தியம் கித்தியம் ஆகாது, கை வெந்துவிடும், சாமி விஷயத்தில் விளையாடக் கூடாது என்றேன். வாயில் என்னென்ன வந்ததோ எல்லாம் சொன்னேன். வர்ணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

தலைவலி. மாத்திரை போட்டும் போகவில்லை.

ஜூலை 6, சனி

உண்மையைச் சொல்லும்வரை அவளுடன் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். இவரையும் பேசவேண்டாம் என்று சொன்னேன். மனைப் பக்கம் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பேசவில்லை. தட்டில் சோறு போட்டு வைத்தேன். தின்றுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தாள். பிளீச்சிங் பவுடர் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

காலையில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். பேசாமலேயே போட்டேன். இரண்டாவது பின்னலுக்கு ரிப்பன் கட்டும்போது, "நான்தாம்மா" என்றாள்.

கை நின்றுவிட்டது.

"நான்தான் உள்ள வந்தேன்."

"எப்ப வந்தே?" என்றேன்.

அவள் முகம் அந்தப் பக்கம் இருந்தது. மெதுவாக, "எப்ப வந்தேன்னு சொல்லணும்?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "சாயங்காலம், நான் இலை போட்டுட்டிருந்தப்ப" என்றேன்.

"சரி. சாயங்காலம். நீங்க இலை போட்டுட்டிருந்தப்ப."

"வந்து புழுவத் தொட்டியா?"

"தொட்டேன்."

ரிப்பனைக் கட்டி முடித்தேன். இனிமேல் மறைக்கக் கூடாது என்று சொல்லி, டப்பாவில் இரண்டு ஜிலேபி கூடுதலாக வைத்து அனுப்பினேன். அவள் போன பிறகு வாசலிலேயே நின்றேன். நிம்மதி வரும் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 9, செவ்வாய்

இவர் வர்ணியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். வர்ணி நடுவில் நின்று சொன்னாள். "நான்தான் தலையில மருந்தோட புழு செட்டுக்குள்ள போனேன். சாயங்காலம். அம்மா இலை போட்டுட்டிருந்தாங்க. புழுவத் தொட்டேன். பெரியப்பா மேல தப்பில்ல." ஒரு சொல் பிசகவில்லை.

பெரியப்பா அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். உள்ளங்கையில் சூடம் அணைத்த தடிப்பு இன்னும் ஆறவில்லை. அந்தக் கையால்தான் அவள் தலையைத் தடவினார். "போச்சாது போ கண்ணு. உன்ற அப்பனுக்கு இந்தத் தைரியம் இல்ல" என்றார். இவர் அழுதுவிட்டார். அண்ணனும் தம்பியும் எட்டு நாள் கழித்துப் பேசினார்கள். அண்ணன் மனைவி சாந்தாமணி அக்கா எல்லோருக்கும் காப்பி போட்டார்.

"புள்ளைய நல்லா வளத்திருக்கறே கோகிலா" என்றார் அக்கா என்னிடம். காப்பி நன்றாக இருந்தது.

ஜூலை 11, வியாழன்

இவருடைய வரிசைக் கூடு எடுத்தோம். நல்ல கூடு, கெட்டியாக இருக்கிறது. பட்டுக்கூடு அங்காடியில் நல்ல பெயர். வர்ணி வழக்கமாகக் கூடு பிரித்துப் போட வந்து உட்காருவாள். இன்றைக்கு வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

ஜூலை 12, வெள்ளி

சாந்தாமணி அக்காவின் மகள் மூலமாக விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. காலை வழிபாட்டில் வர்ணியை முன்னால் நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளையும் கைதட்டச் சொன்னாராம் லூர்து டீச்சர். அது முதல் ஒரு வழக்கமே ஏற்படுத்தியிருக்கிறார். தப்பை யார் எழுந்து நின்று ஒப்புக்கொண்டாலும் வகுப்பு கைதட்ட வேண்டும். போனில் என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

"கைதட்டுனாங்களா?" என்று வர்ணியிடம் கேட்டேன்.

"ஆமாங்ம்மா" என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. "நான்தாம்மா" என்றாள் வர்ணி. அவள் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

இரண்டு நாளாக மோட்டார் ஓடவில்லை, கம்பி அறுந்திருந்தது. இவர் யாரையும் கேட்கவில்லை, தனக்குத்தானே சலித்துக்கொண்டார். வர்ணி உள்ளேயிருந்து வந்து, "நான்தாங்ப்பா" என்றாள். எலி கடித்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிகிறது. இவர் சிரித்தார். "ஏஞ் சாமி, எலி வேலையையும் நீயே பாத்துக்கறியா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

மனைக்கு முன்னால் நடப்பதை அவள் விட்டுவிட்டாள். பின்பக்கம் சுற்றிக்கொண்டு தென்னைக்கு நடுவில் போகிறாள்.

ஜூலை 25, வியாழன்

வர்ணிக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கஞ்சி கொடுத்தேன். மனைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தோம். அடுத்த புழுவுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

காய்ச்சல் விடவில்லை. தூக்கத்தில் ஏதோ சொன்னாள். நெற்றியில் ஈரத் துணி போட்டேன். அவள் தலையில் கை வைக்கும்போதெல்லாம் அந்த மருந்து நெடி வருவதுபோல் இருக்கிறது. ஒரு மாதம் ஆகப் போகிறது, எப்படி வரும்?

ஜூலை 30, செவ்வாய்

டீச்சர் வரச் சொன்னார். வேறு மாதிரி முகம்.

"வியாழக்கிழம யாரோ குடிதண்ணிக் குழாயை உடைச்சுட்டாங்க. தண்ணி ஓடி ஒண்ணாங் கிளாஸ் பையன் வழுக்கி விழுந்து உதடு கிழிஞ்சு போச்சு. நேத்து யாருன்னு கேட்டேன். வர்ணிகா எந்திரிச்சு நான்தான்னா. புள்ளைங்க கைதட்டுனாங்க. நானும் அவளப் பாராட்டிட்டு, பையனோட அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சேன். அந்தம்மா கண்டபடி பேசிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான் ஞாபகம் வருது. வியாழக்கிழம அவ லீவு இல்லீங்களா?"

"ஆமாங்க, காய்ச்சல்" என்றேன்.

"பின்ன ஏங்க நான்னு சொன்னா?"

தெரியவில்லை என்றேன். டீச்சர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். எது நடந்தாலும் வர்ணிகா ஒத்துக்குவா என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களாம். அவள் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்களாம்.

வரும் வழியில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டிருந்த களத்தில் உட்கார்ந்துவிட்டேன். யாராவது கேட்டால் மயக்கம் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஜூலை 31, புதன்

இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

மத்தியானம் இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். பேன் மருந்து தேய்த்த கையைச் சும்மா அலசிவிட்டு நான்தான் இலை போட்டேன் என்றும், வர்ணி உள்ளே வரவே இல்லை என்றும் சொன்னேன்.

இவர் கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"சார் பேன் மருந்துன்னு சொன்ன ஒடனே."

"அப்ப, வந்திருப்பான்னு சொன்னது?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

குழுவில் எல்லோருக்கும் கை சுத்தம் சொல்லிக் கொடுக்கிறவள், என் கையாலேயே கொன்றேன் என்று அந்தச் சார் முன்னால் எனக்குச் சொல்ல வரவில்லை. பக்கத்தில் பிள்ளை பெயர் இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன். இதையும் இவரிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

"சூடம் அணைக்கறேன்னு நின்னாளே கோகிலா" என்றார் இவர். தட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பெரியப்பா எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டார். சாந்தாமணி அக்கா நம்பவில்லை. "புள்ள பேரு கெட்டுப்போகுதுன்னு நீ தலையில போட்டுக்கறே. பெத்தவ மனசு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை அக்கா, இல்லை அக்கா என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவருக்கு என்மேல் பாசம்தான் கூடியது. கடைசியில் கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லூர்து டீச்சரிடமும் சொன்னேன். அவர் நம்பினார். மேஜையைப் பார்த்தபடியே, "கைதட்ட வெச்சுட்டேனே" என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

பள்ளிக்கூடம் இல்லை. இவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்தேன், வர்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளும் மடிக்க ஆரம்பித்தாள். நான் சொல்லாமலே இப்போதெல்லாம் வேலை செய்கிறாள்.

"அம்மிணி, அன்னிக்கு நீ செட்டுக்குள்ள வரலை" என்றேன். "நான்தான் மருந்துக் கையோட இலை போட்டேன். அதுலதான் புழு செத்துச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உம்மேல சொன்னேன்."

அவள் ஒரு பாவாடையை ஓரம் சேர்த்து மடித்து முடித்தாள்.

"நான் வந்தேன்ம்மா" என்றாள். "சாயங்காலம். நீங்க இலை போட்டுட்டிருந்தீங்க. தலையில துண்டு அவுந்துபோச்சு. குனிஞ்சு தொட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

சாயங்காலமும் இலையும் நான் கொடுத்தது. துண்டு அவிழ்ந்ததையும் குனிந்ததையும் நான் சொல்லவில்லை. அது அவளுக்குள்ளேயே உண்டாகியிருக்கிறது.

"இல்ல கண்ணு. நீ படியிலதான் இருந்தே. உன்ற சத்தம் எனக்குக் கேட்டுது."

"கேக்கலைன்னீங்க."

"பொய் சொன்னேன்."

கையில் துணியை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரும், அழுவாள், என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் என் முகத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் எதை வேண்டும் என்கிறேன் என்று தேடினாள்.

"சரிங்ம்மா" என்றாள். "நான் வரலை."

அடுத்து, "யார்கிட்டச் சொல்லணும்? பெரியப்பாகிட்டயா, டீச்சர்கிட்டயா?" என்று கேட்டாள்.

"யார்கிட்டயும் நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிட்டேன். நீ சும்மா இரு சாமி."

அதற்குள் எழுந்துவிட்டாள். பாவாடையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டி நேராக நின்றாள்.

"நான் உள்ள போகலை. அம்மாதான் போட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என்னைப் பார்த்தாள்.